கையில் நாவலோடு பிரிக் லேனில்

விழாத் தலைவர் அவர்களே, விடாப்பிடியாக என்னை அழைத்து வந்த வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே (தாங்கள் வந்ததில் எனக்கு ஏன் இரட்டிப்பு மகிழ்ச்சி என்பது கடைசியில் விளங்கும்), தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களே, பெற்றோர்களே, வணக்கம்.

கிழக்கு லண்டன் பிரிக் லேனில் குடியேறியவர்களைப் பற்றி நெசவாளர், தையற்காரர், உணவகத்தார் என மூன்று பகுதிகளாகப் பேசுவேன் என்று அழைப்பிதழ் சொல்கிறது. வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்கள். அந்தத் தெருவிலோ ஒரே வாசற்படி நான்கு கூட்டத்தாருக்கு உதவியிருக்கிறது. பிரான்சில் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த ஹியூகனோக்கள் என்ற புராட்டஸ்தாந்து நெசவாளர்கள் 1743இல் கட்டிய தேவாலயம், 1819இல் மெதடிஸ்டுகள் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவினரிடம் போய், 1898இல் யூதர்களின் தொழுகைக்கூடமாகி, 1976 முதல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலாக இருக்கிறது.

கட்டடம் ஆண்டுகளைச் சொல்லும். உள்ளே வந்தவர்களின் பசியைச் சொல்லாது. சென்ற மார்கழியில் நம் பள்ளிப் பிள்ளைகள் பதினொருவரை அங்கே அழைத்துச் சென்றேன். புரூன் தெருவில், ஏழை யூதர்களுக்கு சூப் வழங்கிய கட்டடத்தின் முன் நின்றோம். 1902 என்று கல்லில் பொறித்திருக்கிறது. இப்போது உள்ளே இருப்பவை அடுக்குமாடி வீடுகள். அந்தத் தருமம் வேறிடத்தில் நடந்த காலத்தில், 1892இல், யூத எழுத்தாளர் இஸ்ரேல் சாங்வில் எழுதிய நாவலை எடுத்தேன். மூக்குக்கண்ணாடி ரயிலோடு போய்விட்டிருந்தது. சிரிக்காதீர்கள், உங்களுக்கும் வயதாகும்! ஒரு சிறுமியை வாசிக்கச் சொன்னேன். எஸ்தர் என்ற பிள்ளை தரும சூப்பை வாங்கிக்கொண்டு ஓடிவந்து, வீட்டுக்குள் தடுக்கி விழ, பாத்திரம் உடைந்து சூப் முழுவதும் தரையில் ஓடுகிறது. வாசித்தவள் நிறுத்திவிட்டாள். "எங்கட அம்மம்மாவும் முகாமில வரிசையில நிண்டு வாங்கின கஞ்சியை இப்பிடித்தான் ஊத்தினவ. இண்டைக்கும் சொல்லி அழுவா. அது எந்தப் புத்தகத்தில இருக்கு, சேர்?" என்றாள். வீட்டுக்கு வீடு வாசற்படிதான், அவையோரே.

1892இலேயே திறக்கப்பட்ட அப்பகுதி வைட்சாப்பல் நூலகத்தில், அந்த யூதர்கள் பேசிய இத்திஷ் மொழி நூல்கள் இருந்தன; ஏழை யூதப் பிள்ளைகள் அங்கே படித்துக் கவிஞர்களானார்கள். ஐசக் ரோசன்பர்க் அவர்களில் ஒருவர். இங்கேயோ, நான் பெயர் சொல்ல விரும்பாத ஒரு நூலகத்தில், இரண்டு தமிழ் அலமாரிகள் ஒன்றாகி, அந்த ஒன்றும் நிலவறைக்குப் போய்விட்டது. அந்தச் சிறுமிக்கு நான் எதை எடுத்துக் கொடுப்பேன்?

தலைவர் மணியடிக்கிறார், தையற்காரரும் உணவகத்தாரும் மன்னிக்க வேண்டும். தமிழ் அலமாரியை மேலே கொண்டுவரக் கோரும் மனு, வாசலில் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நகரசபை உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்தை இடுவார்கள் என்று நம்புகிறேன். பேனா என்னிடம் இருக்கிறது.