பிரிட்ஜ ஆஃப் பண்ணது யாரு?

எல்லாருக்கும் வணக்கம். மேடையில இருக்கிற மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் ஐயா அவர்களே, விஸ்காம் துறைத்தலைவர் மேடம் அவர்களே, மதிய சாப்பாட்டுக்குப் பொறுப்பேத்துக்கிட்ட வர்த்தகர் சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, முன்னாள் கவுன்சிலர் அக்கா அவர்களே... அக்கா இப்பதான் வந்து உக்காந்திருக்காங்க, வார்டுல ஒரு துக்க வீட்டுக்குப் போயிட்டு நேரா வர்றாங்க, அதுக்கு தனியா ஒரு நன்றி. அப்புறம் பின்னாடி நின்னுக்கிட்டே கேக்குற தம்பி தங்கச்சிங்களா, உங்களுக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தா மன்னிச்சுக்கங்க. பொன்னாடை போத்துனீங்க, சந்தோஷம், அடுத்த வருஷம் அதுக்குப் பதிலா ரெண்டு துண்டு குடுங்க, லென்ஸ் துடைக்கவாவது ஆகும்.

வரவேற்புரையில என்னைய பிரபல ஒளிப்பதிவாளர்னு சொல்லிட்டாங்க. நான் கல்யாண வீடியோக்காரன்ங்க. விஎச்எஸ் கேசட் காலத்துல இருந்து திண்டுக்கல்ல இருக்கிற மண்டபம் பூரா தோள்ல கேமராவோட சுத்துனவன். குறும்படம் எடுத்தா ஒரு ஸ்டூடண்ட் என்ன கத்துக்குறான்னு பேசச் சொன்னாங்க. மூணு விஷயம் சொல்லலாம்னு குறிச்சு வச்சிருக்கேன்: ஒண்ணு சத்தம், ரெண்டு பட்ஜெட், மூணு திட்டு வாங்குறது.

எங்க அம்மா ஒரு பழமொழி சொல்லும், சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்னு. எடிட்டிங் டேபிள்ல உக்காந்தவனுக்கு இது புரியும். எடுக்காத ஷாட்ட எந்த சாஃப்ட்வேரும் குடுக்காது. போன்ல செகண்டுக்கு 30 ஃபிரேம்னு வச்சு டியூப்லைட் வெளிச்சத்துல எடுத்துட்டு வந்து "சார், படத்துல கோடு கோடா ஓடுது, எடுத்து விடுங்க"ன்னு கேக்குறாங்க. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ப்பா, பழைய டியூப்லைட் செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 25 ஃபிரேம் வச்சு ஷட்டர ஒரு செகண்டுல ஐம்பதுல ஒரு பங்குன்னு போட்டா தீந்துச்சு. இத புக்குல படிச்சா மறந்துரும், ஒரு நாள் ஷூட்டிங் பூரா பாழானா சாகுற வரைக்கும் மறக்காது.

சரி, சத்தத்துக்கு வர்றேன். உங்க சீனியர் பசங்க அஞ்சு பேரு, பேர் சொல்ல மாட்டேன், ஒருத்தன் இங்கதான் கதவு பக்கத்துல நிக்கிறான், சிரிக்கிறான் பாருங்க. வத்தலக்குண்டு ரோட்டுல ஒரு டீக்கடையில ரெண்டு நிமிஷ சீன். ஒரு தாத்தா வாழைக்கா பஜ்ஜி சாப்பிட்டுக்கிட்டே பேரன்கிட்ட பேசணும். நான் சும்மா கூட போனேன். கடைக்காரரு தங்கமான மனுஷன், ராத்திரி பத்து மணிக்கு மேல வியாபாரம் முடிஞ்சதும் எடுத்துக்கங்கன்னு சாவிய குடுத்துட்டுப் போயிட்டாரு. மொதல்ல வைடு ஷாட். தாத்தா பஜ்ஜிய ஒரு கடி கடிச்சாரு. அப்புறம் க்ளோசப், அதுலயும் அதே டயலாக்குல அதே கடி இருக்கணுமில்ல, புது பஜ்ஜி. டயலாக் மறந்தாரு, புது பஜ்ஜி. லாரி ஹாரன், புது பஜ்ஜி. பதினொண்ணாவது பஜ்ஜிக்கு தாத்தா "தம்பி, கதைய மாத்தி என்னைய டீ குடிக்க விடுங்கப்பா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. கண்டினியூட்டின்னா என்னன்னு அன்னைக்குத்தான் அவனுங்களுக்குப் புரிஞ்சுது, தாத்தாவோட வயித்துக்கும் புரிஞ்சுது.

அதுக்குள்ள சவுண்டு பாத்துக்கிட்டிருந்த பையன் ஹெட்போன கழட்டிட்டு, "அண்ணே, உர்ர்ர்னு ஒண்ணு விடாம கேக்குது"ங்குறான். தேடுனா, மூலையில பிரிட்ஜ். நம்ம காது அத கழிச்சுக் கட்டிரும், மைக்கு கழிக்காது. பிளக்க புடுங்கிட்டான். அருமையான சவுண்டு. எல்லாம் முடிஞ்சதும் யாரும் பேசாம 30 செகண்டு அந்த எடத்தோட அமைதிய மட்டும் ரெக்கார்ட் பண்ணிக்கங்கடான்னு சொன்னேன், வெட்டி ஒட்டுற எடத்துல பள்ளம் தெரியாம நிரப்புறதுக்கு. அதையும் பண்ணாங்க. ராத்திரி ரெண்டரைக்குப் பூட்டிட்டு, சாவிய வாசப்படி தொட்டிக்கு அடியில வச்சுட்டு, கட்டிப்புடிச்சு போட்டோ எடுத்துட்டு கெளம்பிட்டோம்.

பிளக்க யாரும் திரும்ப மாட்டல.

காலையில அஞ்சு மணிக்கு கடைக்காரரு வந்து பாத்தா, மொத நாள் ராத்திரியே வாங்கி வச்சிருந்த 14 லிட்டர் பாலும் திரிஞ்சு போச்சு. மே மாசம்ங்க. எனக்குத்தான் மொத போன். அவர் திட்டுனத இந்த மேடையில சொல்ல முடியாது, மேடம் இருக்காங்க. பசங்க காச குடுக்குறோம்னு போனா வாங்க மாட்டேனுட்டாரு, "ஞாயித்துக்கிழமை வந்து டம்ளர் கழுவுங்கடா"ன்னாரு. அஞ்சு பேரும் போய் கழுவுனானுங்க! அந்த ஒரு நாள் கடையில நின்னதுல, தாத்தா பேசுற டயலாக் பூரா பொய்யி, யாரும் இப்படிப் பேச மாட்டாங்கன்னு அவனுங்களுக்கே தெரிஞ்சு போச்சு. திரும்ப எழுதி திரும்ப எடுத்தாங்க. சட்டியில அப்பத்தான் சரக்கு ஏறுச்சு. (இந்தத் தடவ பஜ்ஜி இல்ல, டீ.)

இதுல மூணாவது பாயிண்டான திட்டு வாங்குறதும் வந்துருச்சு. பட்ஜெட்ட விடுங்க, யாருகிட்டயும் காசு இல்ல, அதுல பேச ஒண்ணும் இல்ல.

நான் நெஜமா பேச வந்தது வேற. என்னைத் தெரிஞ்சவங்க "ஆரம்பிச்சுட்டான்யா"ம்பாங்க, பரவால்ல. என் தங்கச்சிக்கு பிறவியிலயே காது கேக்காது. இன்னைக்கு மூணாவது வரிசையில உக்காந்து உங்க ஏழு படத்தையும் பாத்துச்சு. ஆறு படத்துல இங்கிலீஷ் சப்டைட்டில் ஓடுது. தமிழ் படம், தமிழ்நாட்டுல போடுறோம், எந்த வெளிநாட்டு ஜட்ஜுக்குப்பா இந்த இங்கிலீஷு? என் தங்கச்சிக்கு தமிழ் நல்லா படிக்க வரும், நீங்கதான் எழுதல.

ஊமைப்படக் காலத்துல நடுநடுவுல எழுத்து அட்டை வரும். படிக்கத் தெரிஞ்சா போதும், காது கேக்குறவனும் கேக்காதவனும் ஒரே பெஞ்சுல உக்காந்து ஒரே கதைய பாத்தாங்க. 1931-ல காளிதாஸ்ங்கிற படம் வந்துச்சு, தமிழ்ப் படம் பேச ஆரம்பிச்சுது, ஊரே கொண்டாடுச்சு. என் தங்கச்சி மாதிரி ஆளுங்க அன்னைக்கு கொட்டகைய விட்டு வெளிய போனவங்கதான். 2016 மாற்றுத்திறனாளி சட்டத்துல கேப்ஷன், அதாவது பேச்சையும் சத்தத்தையும் எழுத்தா திரையில போடுறது, இருக்கணும்னு எழுதியிருக்கு, 2024 மார்ச்சுல மத்திய அரசு தியேட்டர் படங்களுக்கு தனியா வழிகாட்டு நெறிமுறையே போட்டுருச்சு. உங்க குறும்படத்த எந்த ஆபீஸரும் வந்து கேக்கப் போறதில்ல, அதனாலதான் நான் கேக்குறேன்.

வேலை ரொம்ப சின்னது. நோட்பேட தொறந்து, வரிசை நம்பர், ஆரம்பிக்கிற நேரம், முடியிற நேரம், கீழ டயலாக், எஸ்ஆர்டிங்குற சப்டைட்டில் ஃபைலா சேவ் பண்ணணும். சேவ் பண்றப்ப என்கோடிங்னு கேக்குற எடத்துல யூடிஎஃப்-8 வைக்கணும், இல்லேன்னா தமிழ் பூரா கேள்விக்குறியா வந்து நிக்கும், நானே ஒரு ராத்திரி உக்காந்து அழுதிருக்கேன். அந்த டீக்கடைப் படத்துக்கு நாங்க தமிழ்ல போட்டோம், 6 நிமிஷப் படத்துக்கு ஒரு சாயந்தரம் ஆச்சு. டயலாக் மட்டும் இல்ல, சத்தத்தையும் எழுதணும். கடை ஷட்டர் கிரீச்சுன்னு ஏறுது, டம்ளர் ணங்குன்னு விழுது, எண்ணெய் சுர்ருங்குது. சவுண்டு பண்ண பையன் எழுத உக்காந்தவன் பாதியில நிறுத்திட்டு, "அண்ணே, இந்த எடத்துல எழுத ஒண்ணுமே இல்ல, நம்ம எதையுமே வைக்கலண்ணே"ன்னான். சட்டிய தடவிப் பாத்து கண்டுபிடிச்சிருக்கான் பாருங்க, போய் ஒரு மழைச் சத்தம் சேத்துட்டு வந்தான்.

முதல்வர் ஐயாகிட்ட ஒரே கோரிக்கை. அடுத்த வருஷம் தமிழ் கேப்ஷன் இல்லாத படத்த போட்டியில சேக்காதீங்க. மொத பரிசுக்கு 3,000 ரூபா நான் தர்றேன், அண்ணாச்சி முன்னாடியே சொல்றேன், அவரும் ஏதாவது சேத்துப் போடுவாரு. அண்ணாச்சி தலைய ஆட்டுறாரு, எல்லாரும் பாத்துக்கங்க.

மேடம் வாட்ச்ச பாக்குறாங்க. எப்படி பண்றதுன்னு தெரியாதவங்க சாப்பிட்டுட்டு மாடி லேபுக்கு வாங்க, மூணு மணி வரைக்கும் இருப்பேன், என் தங்கச்சியும் இருக்கும், நீங்க எழுதுனது அதுக்குப் புரியுதான்னு அங்கயே காட்டிக்கலாம். சார்ஜர் எடுத்துட்டு வந்துருங்க, லேபுல ஒரு பிளக்குதான் வேலை செய்யுதாம். நன்றி, வணக்கம்.