ஸ்டெப்னி இருக்கு. ஸ்டெப்னியில காத்து இருக்கா?

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு எங்க வீட்டு வாசல்ல இருந்து பேசறேன். டிக்கி தொறந்து கெடக்கு, உள்ள இருந்த சாமானெல்லாம் படியில கெடக்கு. எதிர் வீட்டம்மா இப்பதான் "ஊருக்கா?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. ஊருக்கு இல்ல. ஸ்டெப்னிக்கு, அதான் டிக்கியில கெடக்கற உபரிச் சக்கரத்துக்கு, காத்து பாக்கப் போறேன். மாசம் ஒருதடவ பாக்கறேன் இப்பல்லாம். ஏன்னு கேட்டா, வளைகாப்புக் கதைய சொல்லணும்.

எங்க நாத்தனாருக்குத் திருச்சியில வளைகாப்பு. வீட்டுக்காரருக்கு லீவு கெடைக்கல. அதனால நானும் அத்தையும் மட்டும் தாம்பரத்துல இருந்து விடியக்காலம் நாலு மணிக்குக் கெளம்பிட்டோம். டிக்கி ஃபுல். ரெண்டு பெட்டி கண்ணாடி வளையல், முறுக்கு டின், சீர்த்தட்டு, அத்தையோட தேக்கு மணை. பொண்ண அந்த மணையில உக்கார வெச்சுத்தான் வளையல் போடணும்னு அத்தைக்கு ஒரே பிடிவாதம். அவங்க வளைகாப்புல அவங்க உக்காந்த மணை அது.

உளுந்தூர்பேட்டை போச்சு, செங்குறிச்சி டோல் போச்சு. வேப்பூருக்குக் கொஞ்சம் முன்னாடி, ரோட்டுல என்னமோ கெடந்துச்சு. லாரியில இருந்து விழுந்த இரும்புப் பட்டைன்னு நெனைக்கறேன். ஒதுங்கறதுக்குள்ள ஏத்திட்டேன். ஒரு "டொக்". அப்புறம் ஒரு நிமிஷம் ஒண்ணும் தெரியல. அப்புறம் வண்டியோட பின்பக்கம் மட்டும் லேசா ஆட ஆரம்பிச்சுது. முன் டயர் போனா ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்கும், கையிலயே தெரியும். பின் டயர் போனா இடுப்புலதான் தெரியும், சீட்டு வாலாட்டற மாதிரி இருக்கும். அத்தை கண்ண மூடிக்கிட்டே "ரோடு சரியில்லையோ?"ன்னாங்க. அந்த ரோடு கண்ணாடி மாதிரி இருக்கும்.

அந்த நேரத்துல பிரேக்க ஓங்கி மிதிக்கவே கூடாது. ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு, ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் நேராப் புடிச்சுட்டு, இண்டிகேட்டர் போட்டு மெதுவா இடப்பக்கம் ஒதுங்கணும். நான் அது வரைக்கும் சரியாத்தான் செஞ்சேன். அடுத்து ஒரு தப்பு பண்ணேன். நின்ன எடம் வளைவு. பின்னாடி வர்றவனுக்குத் தெரியாதேன்னு பயந்து, காத்து போன டயரோடயே ஒரு அர கிலோமீட்டர் ஓட்டிட்டேன். உயிர் முக்கியம், அதனால அதைத் தப்புன்னு முழுசாச் சொல்ல மாட்டேன். ஆனா அந்த அர கிலோமீட்டருக்கு என்ன வெலைன்னு கடைசியில சொல்றேன்.

தார் முடிஞ்சு மண்ணு ஆரம்பிக்கற எடத்துல, மட்டமா பாத்து நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக், ஃபர்ஸ்ட் கியர், நாலு இண்டிகேட்டரும் போட்டாச்சு. அந்த முக்கோண ரிஃப்ளெக்டர எடுத்துட்டுப் போய் ஒரு அம்பது அறுபது தப்படி பின்னாடி வெச்சேன். வண்டிக்குப் பின்னாடியே ரெண்டடியில வெக்கறவங்கள பாத்திருக்கேன், அது யாருக்குன்னே தெரியல. அத்தைய எறக்கி ரோட்டை விட்டுத் தள்ளி, ஒரு வேப்ப மரத்தடியில உக்கார வெச்சேன். ஆளு உள்ள இருக்கறப்ப ஜாக்கி போடாதீங்க. நேஷனல் ஹைவேயா இருந்தா 1033-க்கு ஒரு போன் போட்ருங்க, டோல்காரங்களோட ரோந்து வண்டி வரும். நானும் போட்டேன்.

மொதல்ல நான் ஜாக்கிய எடுக்கல. காத்தடிக்கற சின்ன மெஷின எடுத்தேன், இதோ, சிகரெட் லைட்டர்ல சொருகறது. சின்ன ஆணி ஏறியிருந்தா காத்து மெதுவாத்தான் போகும். 33 பிஎஸ்ஐ (காத்தழுத்தத்த அளக்கற கணக்கு) அடிச்சுட்டு, ஆணிய அப்படியே விட்டுட்டு, மெதுவா ஓட்டிப் பஞ்சர் கடைக்குப் போயிடலாம். ஆணிதான் அங்க மூடி. அதைப் புடுங்கிட்டா ஓட்டை தொறந்துடும். கழட்டி மாட்டற வேலையே இல்லாம இந்த மெஷினால நான் ரெண்டு தடவ தப்பிச்சிருக்கேன். ஆனா அன்னிக்கு அடிக்க அடிக்க உஸ்ஸுன்னு வெளிய வந்துட்டே இருந்துச்சு. குனிஞ்சு பாத்தா டயரோட பக்கவாட்டுச் சுவர்ல ஒரு கீறல், என் சுண்டு வெரல் நீளம். பக்கவாட்டுல கிழிஞ்சா எந்தக் கடையிலயும் ஒட்ட முடியாது, ஒட்டவும் கூடாது. ஓடறப்ப மடங்கி நிமிர்ற எடம் அது.

சரி, ஸ்டெப்னின்னு டிக்கிய தொறந்தேன். ஸ்டெப்னி எல்லாத்துக்கும் அடியில. வளையல் பெட்டி, முறுக்கு டின், சீர்த்தட்டு எல்லாத்தையும் எறக்கி மண்ணுல அடுக்கினேன். லாரி ஒவ்வொண்ணும் போறப்ப அந்த வளையலெல்லாம் கிலுகிலுன்னு ஆடுது.

இந்த "ஸ்டெப்னி"ங்கற பேரு ஒரு தெருப் பேரு, தெரியுமா? பிரிட்டன்ல, வேல்ஸ் பக்கம் லானெல்லின்னு ஒரு ஊர். அங்க ஸ்டெப்னி ஸ்ட்ரீட். அப்பல்லாம் கார் வாங்கினா உபரிச் சக்கரமே தர மாட்டாங்க. 1904 வாக்குல அந்தத் தெருவுல டேவிஸ்னு அண்ணன் தம்பிங்க, கம்பி இல்லாத வெறும் வளையத்துல காத்தடிச்ச டயரப் போட்டு, பஞ்சரான சக்கரத்து மேல கிளாம்ப் போட்டு மாட்டற மாதிரி ஒண்ணு செஞ்சாங்க. இங்கிலாந்துக்காரனே இன்னிக்கு அதை ஸ்பேர் வீல்ங்கறான். நாம இன்னும் ஸ்டெப்னிங்கறோம். பிரேசில்லயும் 'எஸ்டெப்பி'ம்பாங்க, அதே வார்த்தைதான்.

எங்க விட்டேன்? நட்டு. பானாவ, அதான் நட்டு கழட்டற ஸ்பேனர, மாட்டி இழுக்கறேன், அசையல. போன மாசம் அலைன்மெண்ட் பண்ண கடையில காத்துத் துப்பாக்கியால 'டர்ர்ர்'னு இறுக்கி விட்டிருக்காங்க. அதைக் கழட்ட மனுஷக் கையால முடியாது, காலாலதான் முடியும். இங்க கேமராவக் கிட்ட கொண்டு வரேன், பாருங்க. டயரப் பாத்து நிக்கறீங்க. பானாவோட கைப்பிடி உங்களுக்கு இடப்பக்கமா, தரைக்கு இணையா நீட்டி இருக்கணும். கார் மேல கைய வெச்சுட்டு, கைப்பிடியோட நுனியில காலை வெச்சு உடம்பு பாரத்த மெதுவா எறக்குங்க. குதிக்காதீங்க, வழுக்கினா முழங்கால் போயிடும். என் வெயிட் 58 கிலோ. 'டக்'னு ஒரு சத்தம், விட்டுடுச்சு. நாலு நட்டையும் அர சுத்து மட்டும் லூஸ் பண்ணுங்க, முழுசா வேணாம். இதெல்லாம் சக்கரம் தரையில இருக்கறப்பவே. ஜாக்கியில தூக்கி வெச்சுட்டு நட்டோட மல்லுக்கட்டினா வண்டி ஜாக்கியோட சாயும்.

ஜாக்கி எங்க வெக்கணும்? கதவுக்குக் கீழ இந்த விளிம்பத் தடவிப் பாருங்க, சக்கரத்துக்குக் கிட்ட ரெண்டு சின்ன வெட்டு இருக்கும். அந்த ரெண்டுக்கும் நடுவுல. எங்க மாட்டுதோ அங்கன்னு வெச்சா தகரம் மடங்கிடும். எதிர்ப்பக்க முன் சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கல்லு கொடுத்துட்டு, ஜாக்கிய சுத்தறேன். வண்டி ஏறல, ஜாக்கி எறங்குது. மண்ணுல புதையுது! அடியில போட ஒரு பலகை இல்ல. சுத்தி முத்தி பாக்கறேன், ஒரு செங்கல் கூட இல்ல. என் கண்ணு மணை மேல போச்சு. வாயத் தொறந்து கேக்கல. அத்தை எந்திரிச்சு வந்தாங்க, மணைய எடுத்தாங்க, ஒரு பேப்பர விரிச்சு மேல சுத்தி, "இந்தா, வை. தொடச்சாப் போச்சு"ன்னாங்க. பத்து வருஷ மருமக நான், அன்னிக்குத்தான் அவங்கள சரியாப் பாத்தேன்.

வண்டி ஏறிடுச்சு. எறக்கி வெச்ச ஸ்டெப்னிய மொதல்ல காருக்கு அடியில படுக்க வெச்சுடணும். ஜாக்கி நழுவினாலும் வண்டி அது மேல நிக்கும், உங்க கை மேல விழாது. பழைய சக்கரத்தக் கழட்டினதும் அதை அடியில தள்ளிட்டு ஸ்டெப்னிய வெளிய எடுங்க. ஆனா எனக்குச் சக்கரம் கழல மாட்டேங்குது, அலாய் வீல் துருவுல ஒட்டிக்கிச்சு. அப்ப வந்து நின்னுது ஒரு மினி லாரி. வேப்பூர் சந்தைக்கு ஆடு ஏத்திட்டுப் போறவர். "தள்ளுங்கக்கா"ன்னு வந்து, குதிகாலால டயரோட பக்கவாட்டுல ரெண்டு உதை, இடம் ஒண்ணு வலம் ஒண்ணு. கழண்டு வந்துடுச்சு. அப்புறம் கையில இருந்த இரும்பு ராடால என் ஸ்டெப்னிய ஒரு தட்டு தட்டினார். 'தொப்'புன்னு கேட்டுச்சு. தன் வண்டி டயர ஒரு தட்டு. 'டங்'னு கேட்டுச்சு. "உங்க ஸ்டெப்னியில காத்தே இல்லக்கா."

காத்து அளக்கற கேஜ் வெச்சுப் பாத்தா 14 பிஎஸ்ஐ. வண்டி வாங்கினது 2017. அது வரைக்கும் எத்தன தடவ காத்தடிச்சிருப்பேன்? நாலு டயருக்கும் அடிப்பேன், நைட்ரஜன் கூட அடிச்சிருக்கேன் - சாதாக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அது வேற கதை. அஞ்சாவது டயர மட்டும் ஒருத்தரும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. டிக்கியில பை இருக்கும், எறக்கணும், விடுப்பான்னு விட்டது.

நல்லவேளை காத்து மெஷின் இருந்துச்சு. அஞ்சாறு நிமிஷத்துல ஏறிடுச்சு. ஆட்டுக்கார அண்ணன் அது வரைக்கும் நின்னார், உள்ள ஆடுங்க கத்திட்டே இருந்துச்சு. அத்தை முறுக்கு டின்ன தொறந்து அவருக்கு ஒரு பொட்டலம் கட்டிட்டாங்க. நட்டு மாட்டறப்ப கூம்பா இருக்கற பக்கம் உள்நோக்கி, மொதல்ல கையாலயே சுத்தணும். அப்புறம் ஒண்ணுக்கு எதிர் ஒண்ணா இறுக்கணும், வரிசையா இல்ல. வண்டிய எறக்கினதுக்கு அப்புறம்தான் கடைசி இறுக்கு. அம்பது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி இன்னொரு தடவ பானா போட்டுப் பாருங்க. முடிக்கற நேரத்துக்கு டோல் வண்டியும் வந்து கோன் வெச்சாங்க. அவங்க பாத்துட்டு "மேடம், 80-க்கு மேல போகாதீங்க"ன்னாங்க. நாலு சக்கரமும் 16 இஞ்ச் அலாய், ஸ்டெப்னி 15 இஞ்ச் இரும்பு. அதுல மஞ்சள் ஸ்டிக்கர்ல எழுதியே இருக்கு, நான்தான் படிச்சதில்ல.

வேப்பூர்ல ஒரு பஞ்சர் கடையில அந்தக் கிழிஞ்ச டயர பிரிச்சுக் காட்டினார். உள்ள கருப்பு மாவு, ஒரு கைப்பிடி. நான் காத்தில்லாம ஓட்டின அர கிலோமீட்டர்ல உள்சுவர் அரைஞ்சு உதிர்ந்த ரப்பர். "கிழியாம இருந்திருந்தாலும் இது போச்சும்மா"ன்னார். திருச்சியில புது டயர் ஒண்ணு, 6,000 ரூபாய்க்கு மேல.

எல்லாக் கடையும் அந்தக் கடை மாதிரி இருக்காது. இன்னொரு தடவ, வேற ரோட்டுல ஒரு எடத்துல, ஒரு ஆணிக்குப் போனேன், டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள "மூணு பஞ்சர் மேடம்"ன்னாங்க. அதுல இருந்து டீய அப்புறம்தான் குடிக்கறேன். சோப்புத் தண்ணி ஊத்தறப்ப கூடவே நில்லுங்க, முட்டை எங்க வருதுன்னு நீங்களே எண்ணுங்க, அதுக்கு அப்புறம்தான் குத்தூசிய டயர் மேல வெக்க விடணும். ஓட்டையில வெளிய இருந்தே சொருகற ரப்பர் ஸ்ட்ரிப் அவசரத்துக்கு நல்லது. நான் ஹைவேல நெறைய ஓட்டறவ, அதனால ஊர் வந்ததும் டயரப் பிரிச்சு உள்பக்கமா மஷ்ரூம், அதான் காளான் மாதிரி இருக்கற ரப்பர் அடைப்பு, வெச்சுடுவேன். காசு கூட, நிம்மதி.

புது கார் வாங்கறவங்களுக்கு ஒண்ணு. 2020-ல விதிய மாத்திட்டாங்க. டியூப்லெஸ் டயரும், காத்து குறைஞ்சா சொல்ற சென்சாரும், பஞ்சர் கிட்டும் குடுத்தா ஸ்டெப்னியே இல்லாம கார் விக்கலாம். கிட்னா ஒரு பாட்டில் பசையும் ஒரு குட்டிக் காத்து மெஷினும். ஆணிக்கு அது போதும். எனக்கு வந்த மாதிரிக் கீறலுக்கு அந்தப் பாட்டில வெச்சு சாமிதான் கும்பிடணும். அதனால ஷோரூம்ல கலர் பாக்கறதுக்கு முன்னாடி டிக்கித் தரைய தூக்கிக் காட்டச் சொல்லுங்க. ஸ்டெப்னி வண்டிக்கு அடியில தொங்கற மாடலா இருந்தா, இன்னோவா மாதிரி, அதை எறக்கற கம்பி எங்கன்னு கேட்டு ஒரு தடவ எறக்கிப் பாருங்க. நட்டுக்குப் பூட்டு இருந்தா அந்தச் சாவி டிக்கியிலதான் இருக்கணும், வீட்டு பீரோவுல இல்ல.

சரி, இப்ப கேஜ் வெக்கறேன். 36. ரெண்டு மூணு பிஎஸ்ஐ கூடவே வெச்சிருக்கேன், கெடந்தா எறங்கத்தானே செய்யும். இது புது ஸ்டெப்னி டயர். பழசுல ஓரத்துல பொறிச்சிருந்த நாலு நம்பர் 1117, அதாவது 2017-ல பதினோராவது வாரம் செஞ்சது. ஓடவே இல்லைன்னாலும் ரப்பருக்கு வயசாகும், தரையில படற பட்டனில எல்லாம் பொடி வெடிப்பு. மாத்திட்டேன். அப்புறம் இந்தப் பலகை, ஒரு அடிக்கு ஒரு அடி, ஆசாரிகிட்ட 150 ரூபாய்க்கு வெட்டி வாங்கினது, டிக்கியை விட்டு எறங்கவே எறங்காது.

மணை திருச்சியிலயே இருக்கு, நாத்தனார் குடுக்க மாட்டேங்கறா. வளைகாப்பு அன்னிக்கு அத்தை அதைத் தொடச்சு, மஞ்சள் தடவி, கோலம் போட்டு, பொண்ண உக்கார வெச்சுட்டு, வந்தவங்க அத்தன பேர்கிட்டயும் கதையச் சொன்னாங்க. கீழ்ப்பக்கம் ஜாக்கி அழுத்தின சதுரத் தடம் இன்னும் அப்படியே இருக்காம்.