ஃபெர்மா கையில் இருந்த சாவி

அவையோர் அனைவருக்கும் வணக்கம். இன்று ஒரே ஓர் எண்ணைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 4294967297. நானூற்று இருபத்தொன்பது கோடியைத் தாண்டும் எண் இது. 2-இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வரும்.

2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று வைத்து, ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பாருங்கள். 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். 1640இல் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா இதைப் பார்த்துவிட்டு, இந்த வரிசை முழுக்கவே பகா எண்கள்தான் என்று நம்பினார். நிரூபணம் கைவசம் இல்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். வரிசையில் ஆறாவதாக நிற்பதுதான் நம் எண்.

1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற கணிதர் இதைப் பற்றி இன்னொரு கணிதரான ஆய்லருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஆய்லருக்கு அப்போது வயது 22. 1732இல் ஆய்லரின் பதில் வந்தது: இந்த எண் 641-ஆல் வகுபடும்!

641-ஐ எப்படிப் பிடித்தார்? வழியைப் பின்னால் எழுதிய கட்டுரையில் விளக்கினார். நம் எண்ணுக்குப் பகாக் காரணி ஏதாவது இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே தீரும். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே கதவு திறந்துவிடுகிறது. எனக்கு மனசு கனக்கிற இடம் எது தெரியுமா? இந்த விதி பிறப்பதே, அடுக்குகளைப் பகா எண்ணால் வகுத்தால் மீதி எப்படி வரும் என்று சொல்லும் ஃபெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்துதான். அதையும் அவர் அதே 1640இல்தான் எழுதினார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

சரி, உண்மையிலேயே வகுபடுகிறதா? தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், நீள வகுத்தல் வேண்டாம். 641 என்பது 5 × 128 + 1. ஆகவே 5 × 128-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று கொள்ளலாம். 128 என்பது 2-இன் 7ஆம் அடுக்கு. இருபுறமும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 625 × 2-இன் 28ஆம் அடுக்கு, மீதி +1. இப்போது 641-ஐ வேறு விதமாகப் பிரியுங்கள்: 625 + 16. அப்படியென்றால் 625 இருக்கும் இடத்தில் −16 போடலாம். 16 என்பது 2-இன் 4ஆம் அடுக்கு. 28-உம் 4-உம் சேர்ந்து 32. ஆக, 2-இன் 32ஆம் அடுக்குக்கு மீதி −1. அதோடு 1 கூட்டினால் மீதி பூஜ்யம். முடிந்தது! ஒரே 641-ஐ இரண்டு விதமாகப் பிரித்ததைத் தவிர நாம் வேறொன்றும் செய்யவில்லை. எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

வகுத்து வரும் ஈவு 6700417, அதுவும் பகா எண்.

அப்புறம் அந்த வரிசை என்ன ஆனது? 65537-க்குப் பிறகு இன்னொரு பகா எண் அதில் இதுவரை கிடைக்கவில்லை. 2-இன் அடுக்கு 1048576 ஆக வரும் எண்ணுக்கு 315653 இலக்கங்கள். அது பகு எண் என்று கணினி வைத்து நிரூபித்துவிட்டார்கள். ஆனால் அதன் காரணி ஒன்றுகூட இன்னும் யார் கையிலும் சிக்கவில்லை.