ஜெயித்தவர் ஏறாத ஏணி

பெரியவர்களே, மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

ஹாக்கியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 1980 மாஸ்கோவில் நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் வாங்கிய தங்கத்தைச் சொல்லலாம். பக்கத்து வெலிங்டனில் பட்டாளத்துக்காரர்கள் ஆட்டத்தைப் பார்த்தே வளர்ந்த குன்னூருக்கு அதெல்லாம் மனப்பாடம். அதனால் இங்கே அதிகம் பேர் பார்க்காத ஒரு போட்டியை எடுத்துக்கொள்கிறேன்: ஆண்கள் நேஷன்ஸ் கப்.

உலக ஹாக்கியில் மேல்தட்டு புரோ லீக், ஒன்பது அணிகள். அதற்கு அடுத்த தட்டு இது. இதில் முதலில் வந்தால் புரோ லீக்கில் இடம். சட்டம் சுலபம். நடந்தது வேறு.

2022இல் முதல் போட்டி தென்னாப்பிரிக்காவில். சொந்த மண்ணில் அவர்களே ஜெயித்தார்கள். மேலே போனதோ இறுதியில் தோற்ற அயர்லாந்து. 2024இல் போலந்தில் நியூசிலாந்து ஜெயித்தது, மேலே வர மறுத்துவிட்டது. 2025இல் கோலாலம்பூர் இறுதியில் அதே நியூசிலாந்து பாகிஸ்தானை 6-2 என்று புரட்டியது. அப்புறமும் வரவில்லை. ஆறு கோல் வாங்கிய பாகிஸ்தான் ஏறியது! மூன்று கோப்பை, ஜெயித்தவர் ஒருவர்கூட ஏறவில்லை.

ஏன்? புரோ லீக்கில் ஓர் அணி ஒரு பருவத்தில் 16 ஆட்டம் ஆட வேண்டும். எதிரணிகளில் பாதிக்கு மேல் ஐரோப்பாவில். ஆக்லாந்திலிருந்து ஒரு முழு அணியையும் அங்கே கொண்டுபோய்த் தங்கவைத்துச் சோறு போட்டுத் திரும்பக் கூட்டிவர என்ன ஆகும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நான்கு உலகக் கோப்பை வாங்கிய பாகிஸ்தான் இரண்டாம் தட்டிலா என்று சிலர் சிரித்தார்கள். நமக்கு அந்த உரிமை கிடையாது. 2008இல் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் தோற்று ஒலிம்பிக்குக்கே போகாதவர்கள் நாம். 2011இல் ஜோகன்னஸ்பர்க்கில் சாம்பியன்ஸ் சேலஞ்ச் என்ற இதே மாதிரி இரண்டாம் தட்டுப் போட்டி. இறுதியில் பெல்ஜியம் நம்மை 4-3 என்று தோற்கடித்தது. அதே பெல்ஜியம் 2018இல் உலகக் கோப்பையையும் டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கத்தையும் எடுத்தது. கீழ்த்தட்டில் ஆடுவது அவமானம் இல்லை. ஏற வழிச்செலவு இல்லாததுதான் கொடுமை.

அது நியூசிலாந்துக்கு மட்டுமா? நம் குன்னூரில் மூடுபனி இறங்கினால் எதிர்க் கோல்போஸ்ட் தெரியாது. பந்து மட்டையில் படும் சத்தத்தை வைத்தே நம் கோல்கீப்பர் பையன் காலை நீட்டுகிறான். அவனுடைய பேடு ஜூலை முழுக்கக் காய்வதே இல்லை. அந்தப் பையன் இங்கே ஜெயித்தால் அடுத்த சுற்று மேட்டுப்பாளையம் தாண்டி, சமவெளியில். பஸ்ஸுக்கும் இரண்டு நாள் சாப்பாட்டுக்கும் அவன் அம்மா தேயிலை பறித்த கூலியிலிருந்து கொடுக்க வேண்டும். அந்த வாரம் கூலி வரவில்லையா, அணியில் பத்துப் பேர்தான்.

முன்வரிசையில் கோப்பை வழங்கும் புரவலர்கள் இருக்கிறீர்கள். மேஜையில் நிற்கும் கோப்பை என் இடுப்பு உயரம் இருக்கிறது. அடுத்த வருடம் முழங்கால் உயரம் போதும், ஐயா. மிச்சப் பணத்தை ஜெயிக்கும் அணியின் பஸ் செலவுக்கு என்று இந்த மேடையிலேயே அறிவித்துவிடுங்கள். மைக்கை இதோ தருகிறேன்.