மண் விழுந்த கண்

(கோத்தகிரி அருகே மலைக்காய்கறி விவசாயிகளிடம் ஒரு கண் மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாக்களே, அண்ணன்மாரே, வணக்கம்.

கேரட் பிடுங்கும்போது கண்ணில் மண் தெறிக்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். பெரும்பாலும் தண்ணீர் விட்டுக் கழுவினால் சரியாகிவிடும். கருவிழியில் கீறல் விழுந்து, அந்த வழியாக மண்ணில் இருக்கும் கிருமி உள்ளே போனால்தான் ஆபத்து.

அப்படி வரும் கருவிழிப் புண்ணுக்கு நம் பக்கத்தில் பூஞ்சைதான் பெரிய காரணம். நான் பேச வந்தது பூஞ்சை மாதிரியே தோற்றம் காட்டும் அபூர்வமான பாக்டீரியா ஒன்றைப் பற்றி. பெயர் நோகார்டியா. 1888-இல் இதை மாடுகளில் கண்ட பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் எட்மண்ட் நோகாரின் பெயரே இதற்கு நிலைத்தது. இழை இழையாகக் கிளைவிடும். புண்ணின் ஓரத்தில் வெண்புள்ளிகள் மாலை கோத்தது போல நிற்கும். பார்த்தவுடன் பூஞ்சை என்று நினைத்து நட்டாமைசின் சொட்டு எழுதத் தோன்றும். தேயிலை பறிக்கும் ஒரு அம்மாவுக்கு நானே அப்படி எழுதினேன். இரண்டு வாரம் கழித்தும் புண் ஆறவில்லை. அப்புறம்தான் சுரண்டிப் பார்த்தேன். அந்த இரண்டு வாரம் இன்னும் என் மனதை உறுத்துகிறது.

சுரண்டுவதற்குப் பயப்படாதீர்கள். மரத்துப்போகச் சொட்டு விட்டு, புண்ணின் விளிம்பிலிருந்து துளி எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவிச் சிவப்புச் சாயம் ஏற்றுவோம். பிறகு அமிலத்தில் கழுவி, சாயம் நிற்கிறதா என்று பார்ப்போம். காசநோய்க் கிருமியை 20 சதவீதக் கந்தக அமிலத்தில் கழுவினாலும் சாயம் போகாது. நோகார்டியா அவ்வளவு தாங்காது, 1 சதவீத அமிலத்தில் கழுவினால்தான் சிவப்பு நிற்கும். சோதனைக்கூடத்துக்கு இதை மருத்துவர் சொல்லி அனுப்ப வேண்டும். கிருமி வளர்க்கும் தட்டையும் இரண்டே நாளில் தூக்கிப் போடக்கூடாது. இது மெதுவாக வளரும், ஒரு வாரம்கூட ஆகும்.

நோகார்டியா என்று தெரிந்துவிட்டால், அமிகாசின் என்ற பாக்டீரியாக் கொல்லி மருந்தை 2.5 சதவீதச் சொட்டாகக் கலந்து, முதலில் மணிக்கொரு தரம் விடுவோம். பலருக்கு ஆறிவிடும். தாமதமானால் பூ விழுந்து பார்வை மங்கும்.

கெடுப்பது ஸ்டீராய்டு சொட்டு. 'கண் சிவந்திருக்கு' என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிவிடுகிறோம். சிவப்பும் வலியும் குறையும், கிருமி உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். பாக்டீரியாப் புண் வந்த 500 பேரிடம், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் பங்கேற்று ஓர் ஆய்வு நடந்தது. ஸ்டீராய்டு விட்ட நோகார்டியா நோயாளிகளுக்கு ஒரு வருடம் கழித்து, ஸ்டீராய்டு விடாதவர்களைவிட வடு பெரிதாகவே இருந்தது.

ஆகவே மறுநாளும் உறுத்தினால் தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடாமல் கண் மருத்துவரிடம் வாருங்கள். அதுவரை விட்ட சொட்டு பாட்டிலையும் எடுத்து வாருங்கள். 'சுரண்டிப் பார்க்கலாமா டாக்டர்' என்று நீங்களே கேளுங்கள். அந்த அம்மா கேட்டிருந்தால் நான் அன்றைக்கே பார்த்திருப்பேன்.