தப்பான விடைதான் ஆசிரியருக்கு வேண்டும்

நடுவர் அவர்களுக்கும், அவையில் இருக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். பள்ளிக் கணக்குக்கு இணைய வினாடி வினா விளையாட்டு துணையா, தொல்லையா என்பது தலைப்பு. துணைதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் மூன்று குறை சொன்னார். வேகத்துக்கு மார்க் போடுகிறது, குருட்டாம்போக்கில் அடிக்க விடுகிறது, போன் இல்லாத பிள்ளையை ஒதுக்குகிறது என்றார். மூன்றுக்கும் பதில் இருக்கிறது. அதற்கு முன் வகுப்பறைக்குள் ஒரு நிமிடம் போய்வருவோம்.

அரையையும் மூன்றில் ஒன்றையும் எப்படிக் கூட்டுவது என்று ஆசிரியர் சொல்லித்தருகிறார். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது சார்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். எழுந்து வந்து போர்டில் போடுவது முதல் பெஞ்சுப் பிள்ளை. மற்றவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்பது நோட்டுத் திருத்தும்போதுதான் தெரியும். அதற்குள் பாடம் எங்கேயோ போயிருக்கும்.

அதே கணக்கைக் கஹூட்டில் போடுங்கள். கேள்வி திரையில் வர, பிள்ளைகள் போனில் விடையைத் தொடும் இணைய வினாடி வினா விளையாட்டு அது. 5/6, 2/5, 2/6, 1/6 என்று நான்கு விடைகள். நேரம் முடிந்ததும் எந்த விடையை எத்தனை பேர் தொட்டார்கள் என்று திரையில் பட்டைகள் எழும்பும். 2/5-ஐத் தொட்டவர்கள் தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டியவர்கள். 2/6-ஐத் தொட்டவர்கள் மீ.சி.ம. சரியாகக் கண்டுபிடித்தவர்கள், தொகுதியை மட்டும் மாற்றாமல் விட்டவர்கள். இரண்டும் தப்புதான், ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. "2/5 அரையைவிடச் சின்னது. அரையோடு இன்னொன்றைக் கூட்டினால் குறையுமா?" என்று ஆசிரியர் அந்த நிமிடமே கேட்கலாம். யார் தப்பாகத் தொட்டார் என்று வகுப்புக்குத் தெரியாது, ஆனால் தன்னைப் போல இன்னும் பலர் நினைத்தார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். பாடம் நடக்கும்போதே யாருக்கு எவ்வளவு புரிந்தது என்று பார்ப்பது, வளரறி மதிப்பீடு என்று நாம் சொல்வது இதைத்தானே!

இதற்கு ஆசிரியர் உழைக்க வேண்டும். பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்று யோசித்துத் தப்பான விடைகளை எழுத வேண்டும். 0.35, 0.4 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், 35 பெரிய எண் என்பதால் 0.35 என்பார்கள். அதை அறிந்தவர் எழுதிய கேள்விக்குத்தான் மதிப்பு. யாரோ போட்டு வைத்ததை அப்படியே எடுத்து ஓட்டினால் பொழுதுதான் போகும்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். வேகம் பற்றி அண்ணன் சொன்னது நியாயம். கஹூட்டின் வழக்கமான முறையில் உடனே தொட்டால் 1000 புள்ளி, கடைசி நொடியில் சரியாகத் தொட்டால் பாதியளவுதான். கணக்குக்கு அது ஆகாது. ஆனால் ஒரு கேள்விக்கு 4 நிமிடம் வரை கொடுக்கலாம், புள்ளியே இல்லாமலும் நடத்தலாம். அதை ஆசிரியர்தான் முடிவு செய்கிறார்.

குருட்டாம்போக்கா? நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக் கணிதத் தாளிலேயே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மார்க் கேள்விகள் 14 இருக்கின்றன. விளையாட்டில் நான்கு விடையுள்ள ஐந்து கேள்விகள் கேட்டால், ஐந்தையும் அதிர்ஷ்டத்தால் மட்டுமே சரியாக அடிக்க வாய்ப்பு 1024-இல் ஒன்று. வழிமுறையைத் திருத்த நோட்டு இருக்கிறது, அதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை.

அப்புறம் போன். பிளிக்கர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைக்கு ஓர் அட்டை, காகிதத்தில் அச்சடித்தது. தன் விடைக்கு ஏற்ற பக்கம் மேலே வரும்படி திருப்பிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அட்டைக்கு அட்டை வடிவம் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையால் எளிதில் பார்த்துப் பிடிக்க முடியாது. ஆசிரியர் தன் ஒரே போனின் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் எல்லார் விடையும் பதிவாகிவிடும். கம்ப்யூட்டர் லேப் இல்லாத பள்ளியிலும் இது நடக்கும், கடைசி பெஞ்சுப் பிள்ளையின் விடையும் அதில் வரும். ஆகவே துணையே என்று தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.