தனிச் சிங்கத்துக்கு எல்லை இல்லை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'ஆண் சிங்கங்கள் எல்லையைப் பிடிப்பதும் காப்பதும் ஒரு தலைவனின் வீரத்தாலா, கூட்டாளிகளின் பலத்தாலா?' கூட்டாளிகளின் பலத்தால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர், தென்னாப்பிரிக்காவின் சாபி சாண்ட் காட்டை ஆண்ட மபோகோ என்ற ஆண் சிங்கக் கூட்டணியைச் சொன்னார். அதில் மிஸ்டர் டி என்ற சிங்கத்தின் மூர்க்கத்தை விரிவாக வர்ணித்தார். மூர்க்கன்தான், மறுக்கவில்லை. ஆனால் மபோகோ மொத்தம் ஆறு ஆண்கள் ஆயிற்றே, அதை ஏன் விட்டுவிட்டார்?

2010 ஜூனுக்கு வாருங்கள். அதற்குள் அந்த ஆறு பேரும் பிரிந்திருந்தார்கள். மிஸ்டர் டியும் கிங்கி டெய்லும் மட்டும் ஒரு பக்கம். அங்கே மஜிங்கிலானே என்ற ஐந்து இளம் ஆண்கள் நுழைகிறார்கள். அவர்களில் ஒருவன் தனியாகச் சிக்கினான். இருவரும் குதறிய குதறலில் அவன் பிழைக்கவில்லை. அப்புறம் மிச்ச நால்வரும் வந்தார்கள். இப்போது மாட்டியவன் கிங்கி டெய்ல். நால்வரும் சேர்ந்து அவனைக் கொன்றார்கள். அதே மிஸ்டர் டி அங்கேதான் இருந்தான் ஐயா! வீரம் குறைந்தா போயிற்று? ஆள் குறைந்து போயிற்று. 2012-இல் செலாட்டி என்ற இன்னொரு கூட்டணியின் ஆண்கள் மிஸ்டர் டியையும் கொன்றார்கள்.

பிடிப்பதை விடக் காப்பது கடினம். புதிதாக வரும் ஆண்கள் பழைய குட்டிகளைக் கொன்றுவிடுவார்கள். தாய் சீக்கிரமே மறுபடி இணைக்குத் தயாராகும். கர்ப்பம் ஏறத்தாழ 110 நாள். பிறந்த குட்டி தன் காலில் நிற்க இரண்டு வருஷம் ஆகும். அதுவரை எல்லை கைவிட்டுப் போகக் கூடாது. ஒருவன் பெண் சிங்கத்தோடு நாள்கணக்கில் ஒதுங்கியிருக்கும்போது எல்லையில் கர்ஜிப்பது யார்? தனி ஆளால் முடிகிற காரியமா இது?

தான்சானியாவின் செரெங்கெட்டி காட்டில் ஆய்வாளர்கள் ஒலிபெருக்கியில் அந்நியச் சிங்கங்களின் கர்ஜனையை ஒலிக்கவிட்டார்கள். ஒரு குரல் என்றால் பெண் சிங்கங்கள் துணிந்து நெருங்கின. மூன்று குரல் என்றால் தயங்கின. எதிரே எத்தனை பேர் என்று சிங்கமே கணக்குப் பார்க்கிறது!

எதிரணி ஒரு நல்ல கேள்வி கேட்டது. பெரிய கூட்டணியில் எல்லா ஆணுக்கும் குட்டி பிறப்பதில்லையே, பிறகு எதற்காக உடன் நிற்கிறான்? இதற்கும் செரெங்கெட்டியிலேயே விடை இருக்கிறது. சிங்க ஆய்வாளர் கிரெய்க் பேக்கரின் குழு 1991-இல் மரபணுவைச் சோதித்துப் பார்த்தது. இரண்டு மூன்று பேர் உள்ள கூட்டணியில் அந்நியனும் சேர்வான், ஏனென்றால் அங்கே அவனுக்கும் பங்கு கிடைக்கும். பெரிய கூட்டணியில் இருப்பவர்கள் அண்ணன் தம்பிகள், பங்காளிகள். தனக்குக் குட்டி இல்லாவிட்டாலும் அண்ணன் குட்டியில் ஓடுவது தன் ரத்தம். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று நம்மவர்கள் சொன்னதை அந்தக் காடு ரத்தத்தால் எழுதி வைத்திருக்கிறது.

நடுவர் அவர்களே, மிஸ்டர் டியின் வீரத்துக்கு எங்கள் அணியும் மரியாதை செலுத்துகிறது. தீர்ப்பை மட்டும் அவனோடு நின்ற ஐந்து பேருக்குக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.